ஸ்பிரே மிஷினும் என் வீட்டுக்காரர் கையும்

பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே மிஷினைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரஷ் தடமே தெரியாதாம், சாரம் கட்டி வாரக்கணக்கில் அடிக்கிற வேலை ரெண்டே நாளில் முடிந்துவிடுமாம். எல்லாம் நிஜந்தான். நானும் ஊரெல்லாம் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான்.

என் வீட்டுக்காரர் பெயிண்டர். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் வேலை என்றாலும் நானும் கூடப் போவேன். ஜன்னலுக்கும் சுவிட்சு போர்டுக்கும் பேப்பர் வைத்து டேப் ஒட்டுவது என் வேலை. பெயிண்டைக் கலக்கிப் பழைய நைலான் சேலையில் வடிகட்டுவதும் நான்தான். ஒரு திப்பி உள்ளே போனாலும், கையில் பிடித்துப் பெயிண்டைப் பீச்சுகிற கன்னின் முனை அடைத்துக்கொள்ளும். சாயங்காலம் குழாயைத் தண்ணீர் வாளிக்கு மாற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, உள்ளே இருக்கிற சல்லடையைப் பல் தேய்க்கிற பிரஷால் தேய்ப்பேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பார்ப்பார்.

"ஏ புள்ள, என்னயக்கூட ஒரு நா இம்புட்டு அக்கறையா தேச்சுவிட்டதில்லயே நீ."

"மிஷினு எதுத்துப் பேசாதுல்ல" என்பேன். அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு புது வீடு. ஹாலில் பாதிச் சுவர் முடிந்திருந்தபோது கரண்டு போய்விட்டது. மிஷின் நின்றது. கன் முனையில் பெயிண்ட் திரண்டு தொங்கியது. காய்ந்துபோனால் அடைத்துக்கொள்ளுமே என்று அவர் விரலால் வழித்துவிட்டார். பிரஷ் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அது. டப்பா விளிம்பையும் விரலால்தான் வழிப்பார்கள், சுவரில் வழிகிற சொட்டையும் விரலால்தான் துடைப்பார்கள். வழிக்கும்போது இன்னொரு கை விரல் கன் விசையை லேசாக அழுத்திவிட்டது.

இது காற்றை ஊதுகிற மிஷின் இல்லை, பெயிண்டையே நெருக்கித் தள்ளுகிறது. கரண்டு போனாலும் அந்த நெருக்கம் குழாய்க்குள் அப்படியே நிற்கும். வாளிக்குள் கன்னைக் காட்டி அழுத்தி அதை வெளியேற்றிவிட்டுத்தான் முனையில் கை வைக்க வேண்டும். கழுவும்போது தினமும் செய்கிறதுதான். ஆனால் மின்விசிறி நின்று, மோட்டார் நின்று, வீடே அமைதியாகக் கிடக்கும்போது இது மட்டும் நிற்கவில்லை என்று யாருக்குத் தோன்றும்?

"ஸ்ஸ்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

"ஒண்ணுமில்ல புள்ள, முள்ளு குத்துனாப்புல இருக்கு" என்றார். கையை உதறிக்கொண்டே டீ குடிக்கப் போனார். கரண்டு வந்ததும் மீதிச் சுவரையும் அடித்து முடித்தார். வீடு திரும்பும்போது விரல் வீங்கியிருந்தது. தெருமுனை கிளினிக்கில் காட்டினோம். அங்கே இருந்தவர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, இதுக்கா வந்தீங்க என்கிற மாதிரி ஒரு டிடி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார். விடிந்தபோது உள்ளங்கைவரை வீங்கி, விரல் கறுத்துப் போயிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த உடனேயே மதுரைக்கு அனுப்பினார்கள். பெயிண்ட் ஊசி மாதிரித் தோலைத் துளைத்து, அடியில் உள்ளங்கைவரை ஓடிவிட்டதாம். "அடிபட்ட உடனேயே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள? புள்ளி மாதிரி ஒரு காயத்துக்கு மதுரைக்கு ஓடணும் என்று எந்தப் பாவி எங்களுக்குச் சொன்னான்? கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விட்டுவிட்டு நடு மூன்றையும் எடுத்துவிட்டார்கள்.

அவர் இடக்கைக்காரர். பிரஷானாலும் கன்னானாலும் இடது கைதான். வழித்தது வலது கை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். "பொழைக்கிற கை தப்பிச்சிருச்சுல்ல, விடுங்கப்பு." அவரும் தலையை ஆட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கன்னைத் தொடவேயில்லை. வேலை வருகிறது. நான் அடிக்கிறேன், அவர் டேப் ஒட்டுகிறார்.

போன மாதம் அவர் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். வலது கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். காது குத்தி முடிந்ததும் திருநீற்றுத் தட்டு வந்தது. மாமன்தான் முதலில் பூசணும். துண்டை அவிழ்க்கப் போனார், முடிச்சு வரவில்லை. இடது கை தட்டுக்குப் போனது.

"அண்ணே, நீ இரு" என்றாள் தங்கச்சி. குரலில் பாசம்தான், வேறொன்றும் இல்லை. "சித்தப்பா பூசட்டும்."

தட்டு அவரைத் தாண்டிப் பிள்ளையின் சித்தப்பாவிடம் போனது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

பந்தியில் முதல் இலை மாமனுக்கு. கறிச்சோறு. அவருக்கு ஆட்டுக்கறி என்றால் உசுரு. "மாப்ள, உக்காருங்க" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள்.

"இன்னைக்கு விரதம்" என்றார்.

கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றவன் சிரித்துவிட்டான். நான் பக்கத்தில் போய், "ஏங்க, அந்தக் கையாலயே சாப்டுங்க, எவன் என்ன சொல்லுவான்?" என்று கிசுகிசுத்தேன்.

"திருநீறு தொடக் கூடாத கையால எல்லார் முன்னாடியும் சோறு திங்கச் சொல்றியா?" என்றார். நானும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர் வயிறு இரைந்தது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து காலையில் வடித்த சோற்றில் ரசம் ஊற்றி வைத்தேன். தட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"கதவச் சாத்து புள்ள" என்றார்.

சாத்தினேன். இடது கையால் அவசர அவசரமாக அள்ளித் தின்றார். அன்றிலிருந்து மூன்று வேளையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு.