பாங்கோடு விழுந்த சுவிட்ச்

மஃரிப் பாங்கு சொன்னால் எங்கள் வீட்டுக் கரண்ட் போய்விடும். கதைக்காகச் சொல்லவில்லை. கரைத்தீவில் எங்கள் வளவைச் சுற்றியிருந்த சனமெல்லாம் கண்ட விஷயம் இது. பொழுதுபடப் பள்ளியில் பாங்கு சொல்லி முடியும். நாங்கள் வரிசையாகக் கை, முகம், கால் கழுவி வுளூச் செய்துகொண்டு எழும்புவோம். உள்ளே சுவரில் இருந்த பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு இருண்டுவிடும். தூக்கி விட்டால் திரும்பவும் விழும். தொழுது முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால், ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். சில நாள் விடிகாலை சுபஹுத் தொழுகைக்கும் இதே கூத்துத்தான்.

எங்கள் சனத்துக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தால் போதாதா? "உங்கட ஊட்டுக் கரண்டும் தொழப் போகுது போல. எங்கட ஊட்டுல மனுசனே போறாரில்ல" என்றாள் முன் வீட்டுக்காரி. இன்னொருத்தி குரலை இறக்கி, "ஓதிப் பாருங்கோ, அது சும்மா விழுற மாதிரித் தெரியல்ல" என்றாள். நானும் ஓதித்தான் பார்த்தேன். ஓதி முடிக்கவும் விழுந்தது.

வேறு காலமென்றால் ஒரு லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டுச் சிரித்திருப்போம். ஆனால் இது மகள் வரும் நேரம். பள்ளிவாசல்துறையில் வாழ்க்கைப்பட்டவள். இது அவளுக்குத் தலைப்பிள்ளை. ஏழாம் மாதத்தில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவதுதானே வழக்கம். அவளுக்காக அறைக்கு வர்ணம் பூசி, காற்றாடி பூட்டி, எல்லாம் செய்து வைத்திருந்தோம். கிணற்றடியில் அவள் குனிந்து தண்ணீர் அள்ளக் கூடாதென்று, சமைக்கும் குசினிக்குப் பக்கத்தில் வேலியோரம் சீமெந்துக் கட்டு ஒன்று போட்டு, குழாய் வைத்து, இருந்துகொண்டே வுளூச் செய்ய வசதி பண்ணியிருந்தார் என் கணவர். அந்த நேரம் பார்த்துத்தான் இது தொடங்கியது. செய்தி சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது. மகளின் மாமியார் போனில் கதைத்தார்.

"கோவிக்க வேணாம் மச்சி. இருட்டு ஊட்டுல புள்ளத்தாச்சிய எப்படி வெக்கிற? இடறி உழுந்தா என்ன செய்ற? கரண்ட் சரியானாத்தான் அனுப்புவன்."

அவர் சொன்னதில் பிழையில்லை.

முந்தலிலிருந்து கரண்ட் வேலை செய்யும் வயரிங் பாஸ் வந்தார். சிங்கள மனுசன். தமிழை நம்மைவிட மரியாதையாகக் கதைப்பார். என் கணவரை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவர் வந்தது நல்ல உச்சி வெயிலில். பெட்டியைத் திறந்து, மீட்டர் வைத்து, ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தார். காற்றாடி, பிரிட்ஜ், கிரைண்டர், ஒன்றிலும் குறையில்லை. சுவிட்ச் மலை மாதிரி நின்றது.

என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தச் சனியனக் கழட்டி எறிஞ்சிட்டு கரண்ட நேர குடுங்க பாஸ். முந்தி ஓலைக் குடில்ல இருக்கக்குள்ள இது இருந்ததா? புள்ள ஊட்டுக்கு வரணும் எனக்கு."

"நானா, இதக் கழட்டினா நான் இனி இந்த வளவுக்குள்ள கால் வைக்க மாட்டன். இது சும்மா விழாது. உள்ள இருந்து போற கரண்ட் சுத்திக்கொண்டு திரும்பி வரணும். போனது முழுக்க வரல்ல எண்டா விழும். துளி குறஞ்சாலும் இதுக்குத் தெரியும்."

"குறஞ்சது எங்க போகுது?"

"அதுதானே தெரியல்ல."

அவர் போன பிறகும் நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அது உள்ளே இருந்துகொண்டு, போனதையும் வந்ததையும் ஒவ்வொரு கணமும் எடை போட்டுக்கொண்டிருக்கிறதாம். பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு போடும் எனக்கே யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று சில நாள் மறந்துவிடும்.

அடுத்த நாள் கணவரும் மகன்மாரும் கல்பிட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போனார்கள். வீட்டில் நானும், எங்களோடு இருக்கும் என் மதினியும் மட்டும். கணவருக்கு அவர் லாத்தா, மூத்தவர். மஃரிப் வந்தது. இரண்டு பேரும் வுளூச் செய்தோம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சுவிட்ச் விழவில்லை.

"ஆம்புளயள் இல்லாட்டி ஊடு அமைதிதான்" என்று சிரித்தார் மதினி. பிறகு, "அவனுகள் குழாயத் திறந்தா மூட மாட்டானுகள். நாம ரெண்டு பேரும் எவ்வளவு தண்ணி ஊத்தினம்?" என்றார்.

தண்ணீர் என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. எல்லோரும் ஒன்றாக வுளூச் செய்வது மஃரிபுக்கும், சில நாள் சுபஹுக்கும்தானே. மறுநாள் கணவர் வந்ததும், பட்டப்பகலில், பாங்கும் இல்லை ஒன்றும் இல்லை, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே வந்து பெட்டிக்கு முன்னால் நின்றேன். சீமெந்துக் கட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வேலியடி மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் போனது. 'டக்.'

"யா அல்லாஹ்" என்றார் கணவர். அவருக்கு அப்போதுதான் என் மீது நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

மணலைக் காய விட்டு, பெட்டிக்குள் இருந்த சின்னச் சுவிட்சுகளில் குசினிக்குப் போவதை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பவும் தண்ணீர் விட்டோம். விழவில்லை. அப்படியென்றால் குசினிதான். எங்கள் குசினி என்பது வேறொன்றுமில்லை, சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்து நாங்கள் இருந்த பழைய குடில். கல்வீடு கட்டிய பிறகு அதைச் சமைக்க வைத்துக்கொண்டோம். வயரும் பழைய வயர்தான். அங்கிருந்த பல்பையும் கிரைண்டரையும் கழற்றிப் பார்த்தோம். கழற்றிய பிறகும் தண்ணீர் விட்டால் விழுந்தது. ஒன்றுமே இல்லாத குசினியில் எது கரண்டைக் குடிக்கிறது?

மதினிதான் குசினி மூலைக்கம்பை அண்ணாந்து பார்த்தார். புகை படிந்து கம்போடு கம்பாக ஒரு வயர் கீழே இறங்கி மணலுக்குள் போயிருந்தது.

"தம்பி, இது அவங்கட லைன்தானே?"

எங்கள் குடியிருப்பில் அந்த நாளில் ஒரு வீட்டுக்குக் கரண்ட் கிடைத்தால், பக்கத்து வீட்டுக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுப்போம். நாங்களும் வேலிக்கு அப்பால் இருந்த குடும்பத்துக்கு அப்படிக் கொடுத்தோம். சண்டை முடிந்த பிறகு அந்தக் குடும்பம் மன்னாருக்கே திரும்பிப் போனது. போகும்போது, "லைன் இருக்கட்டும், பெருநாளைக்கு வந்து போவம்" என்றார்கள். அவர்கள் பக்கத்து முனையை வெட்டி, டேப் சுற்றி, வேலியடியில் போட்டுவிட்டார் என் கணவர். நாளைக்கு வருகிறவர்களுக்குத்தானே. அவர்கள் வரவில்லை. அவர்களுடைய குடில் சரிந்து, மரம் மட்டைகளைக் கறையான் தின்று, அந்த இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. மணல் வயரை மூடிவிட்டது. நாங்கள் மறந்துவிட்டோம்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தோண்டினார்கள். சீமெந்துக் கட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்த முனை கிடந்தது. டேப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கையோடு வந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. இத்தனை காலமும், இல்லாத ஒரு வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கில்லை, ஆளில்லை, கூரையுமில்லை. ஆனாலும் அந்த முனை வரைக்கும் போய் நின்றிருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் மணலுக்குள் இறங்கியிருக்கிறது.

கணவர் மணலிலேயே இருந்துவிட்டார். "வெறுங்காலோட, ஈரத்தோட புள்ள இதுலதானே கால் வைப்பாள். நான் அந்த சுவிட்சக் கழட்டச் சொன்னனே" என்றார். மதினி மெதுவாக "சுப்ஹானல்லாஹ்" என்றார். எங்களை இருட்டில் போட்டுப் போட்டு அந்தச் சுவிட்ச் எங்களைப் பாதுகாத்திருக்கிறது. நாங்கள் தூக்கத் தூக்க, சலிக்காமல் விழுந்திருக்கிறது.

பாஸ் வந்து அந்தக் கிளை வயரை வேரோடு கழற்றினார். குசினிக்குப் புது வயர் போட்டு, மீட்டர் வைத்து, தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் போனார்.

சம்பந்தியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் மாலை வரை நின்று, பாங்கு சொல்லும்வரை பார்த்துவிட்டுத்தான் போவதென்று கதிரையில் உறுதியாக இருந்தார். பாங்கு சொன்னது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீமெந்துக் கட்டின் மேல் போய் இருந்து குழாயைத் திறந்தாள். வாப்பா, மாமி, மகன்மார், நான், யாரும் அசையவில்லை. தண்ணீர் அவள் முழங்கையிலிருந்து வழிந்து, கால் விரல்களுக்கிடையில் ஓடி, மணலுக்குள் போனது. உள்ளே பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"என்ன, எல்லாரும் என்ட காலையே பாக்குறீங்க? வீங்கியா இருக்கு?" என்றாள்.

"கொஞ்சம் வீங்கித்தான் இருக்கு" என்றார் அவள் மாமியார். "இங்கயே கால நீட்டிப் படு மகள். நான் வெளிக்கிடப் போறன்."