முனியாண்டிக்குப் போன மேசை

அந்த வண்டி இப்போது வருவதில்லை. கம்பெனி அதே பெயரில் வேறொன்றைச் சில வருடம் செய்து பார்த்தது. அதில் மேசை இல்லை. பிறகு பெயரையும் நிறுத்திவிட்டது. பழையது ஏதாவது சிக்னலில் என் பக்கத்தில் நின்றால் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பேன், மேசை இன்னும் உள்ளே இருக்கிறதா என்று. வெளியிலிருந்து தெரியாது. இருந்தாலும் பார்ப்பேன். ஒரே ஒரு வண்டியின் மேசை எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்கா டவுனில் ஒரு கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினார்கள். மகள் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்று அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தாள். நான் மறுக்கவில்லை. ஷோரூமில் ஏர்கோன் இருந்தது.

முதலாளி சீனர். மூன்று மாதம் பார்ப்பேன், அதற்குள் ஒரு வண்டியாவது விற்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மூன்றாவது மாதம் பாதி போயிருந்தது. நான் ஒன்றும் விற்கவில்லை. கூட வேலை பார்த்த இரண்டு சேல்ஸ்மேன்கள் என் நாற்காலி யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் சக்கரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்த மாடல் வந்தது. பார்க்க ஜீப், ஓட்டினால் கார். ஜீப் கேட்டு வந்தவர்கள் நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் இரண்டாவது கியர் லீவரைத் தேடினார்கள். அப்படி ஒன்று கிடையாது. முன்சக்கரம்தான் இழுக்கும், அது வழுக்கினால் பின்சக்கரம் தானாகவே சேர்ந்துகொள்ளும். "தானா சேருமா? யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கார் கேட்டு வந்தவர்களுக்கு ஏறி உட்காருவது பிடிக்கவில்லை. பின்கதவில் ஸ்பேர் டயர் தொங்கியது. கியர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைப்பர் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள தட்டை மடக்கினால் வண்டிக்குள்ளேயே நடந்து பின்னால் போகலாம்.

எனக்குப் பிடித்தது சாமான் வைக்கும் இடத்தின் தரை. கார்ப்பெட்டைத் தூக்கி அந்தத் தரைப்பலகையை வெளியே எடுத்து, அடியில் மடங்கியிருக்கும் நான்கு கால்களை விரித்தால் அது மேசை. பிக்னிக் போகிறவர்களுக்காகச் செய்தது. அதை நான் ஒரே இழுப்பில் விரிப்பேன். மற்ற இரண்டு பேருக்கும் அது வரவில்லை.

ஒருநாள் நியாலாஸிலிருந்து ஒரு கண்ட்ராக்டர் மனைவியோடு வந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்ட ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். லீவரைத் தேடவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "புடிச்சிருக்கும்மா. ஆனா சாமிகிட்ட கேக்கணும். முனியாண்டியைக் கேக்காம நான் சைக்கிள்கூட வாங்கினதில்ல" என்றார்.

ஷோரூமில் ஒரே ஒரு வண்டிதான் இருந்தது, காட்டுவதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் வைத்திருந்தது. அதில் மூவரும் கிளம்பினோம். அவர் மனைவியை நான் அக்கா என்றேன். அக்கா மடியில் பூசைச் சாமான் கூடை. ஜாசின் தாண்டித் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறியபோது முன்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பின்சக்கரம் சேர்ந்துகொண்டது. "பாத்தீங்களாண்ணே?" என்றேன். "என்னத்த?" என்றார். அதுதான் அந்த வண்டியின் பிரச்சினை. நன்றாக வேலை செய்தால் ஒன்றும் தெரியாது.

முனியாண்டி கோயில் செம்பனைக் காட்டு ஓரத்தில் ஒரு தகரக் கூரை. படையல் வைக்கும் மேடைக்கு முதல் நாள்தான் புது சிமெண்ட் பூசியிருந்தார்கள், காயவில்லை. தரையெல்லாம் மழை ஈரம், கட்டெறும்பு. பூசாரி உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அக்கா கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அக்கா, மேசை இருக்கு" என்றேன். ஒரே இழுப்பில் விரித்தேன். பூசாரி முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வாழை இலை போட்டு, கோழிக் கறி, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு ஸ்டவுட் பீர் பாட்டில் எல்லாம் வைத்தார்கள். மேசை அளவெடுத்த மாதிரி இருந்தது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் சம்மதம். அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்து இலையை எடுத்தபின் மேசையின் காலை மடக்கப் போனேன்.

"என்னம்மா செய்யற?" என்றார் பூசாரி.

"மடக்கி உள்ள வைக்கிறேன் ஐயா."

"சாமி சாப்பிட்ட மேசையை எடுத்துட்டுப் போவாங்களா?"

"இது மேசை இல்ல ஐயா. வண்டியோட தரை."

அவர் குனிந்து அடியில் பார்த்தார். "தரைக்கு எதுக்கும்மா நாலு காலு?"

பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். மேசையை விட்டுக் கையை எடுத்தேன். கண்ட்ராக்டர், "விடும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வீட்டு வாசலில் மனைவியோடு இறங்கிக்கொண்டார். நான் தனியாக டவுனுக்கு ஓட்டி வந்தேன். தரை இல்லாத குழிக்குள் ஜாக்கி டங்கு டங்கு என்று வழி முழுக்கப் பேசியது.

முதலாளி பின்கதவைத் திறந்து பார்த்தார். எங்களுக்குள் மலாயில்தான் பேச்சு. "மேசை எங்கே?"

"சாமியிடம் இருக்கிறது, பாஸ்."

பின்கதவை மூடினார். "நாளைக் காலையில் நானும் வருகிறேன். மேசை வராவிட்டால் நீயும் அங்கேயே இருந்துகொள்."

மறுநாள் அதே வண்டியில் போனபோது மேசைக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நான்கு காலிலும் விபூதிப் பட்டை, குங்குமம். நேற்று வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதலாளி வேகமாகத்தான் போனார். கிட்டே போனதும் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். எங்கள் ஷோரூம் மூலையில் தரையோடு ஒரு சீனச் சாமியின் சிவப்பு மாடம் உண்டு. தினமும் காலையில் அவர்தான் ஊதுவத்தி ஏற்றுவார்.

"இவர் ஸ்டவுட் குடிப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடிப்பார், பாஸ்."

"எங்கள் ஆளுக்கு வெறும் டீதான்."

மேசையை அவர் தொடவில்லை.

அதற்குள் சேதி கேட்டுக் கண்ட்ராக்டரும் அக்காவும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்கள். "வாங்குகிறீர்களா, இல்லையா?" என்று முதலாளி மலாயிலேயே கேட்டார்.

"வாங்குறேன் தவுக்கே. ஆனா இது வேணாம். இதுக்கு மேசை இல்லியே. மேசையோட வேற ஒண்ணு குடுங்க" என்றார் கண்ட்ராக்டர், அவரும் மலாயில்தான்.

வேறொன்று இல்லை. அடுத்தது எப்போது கப்பலில் வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி சக்கரத்தோடு உருண்டு போவது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, சாமி சரின்னு சொன்னது எந்த வண்டிக்கு?" என்றேன்.

"இதுக்குத்தான்."

"வேற வண்டின்னா அதுக்கு மறுபடி பூப் போட்டுக் கேக்கணும்ல?"

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி, "கேக்கணும்" என்றார்.

அக்கா மோட்டாரை விட்டு இறங்கினார். "மறுபடியுமா? போன வருஷம் அந்த லோரிக்கு மூணு தரம் கேட்டு மூணு தரமும் செவப்பு. இப்பதான் வெள்ளையைப் பாத்திருக்கேன். வாயை மூடிக்கிட்டு இதையே வாங்குங்க லா!"

"பின்னாடி குழியா இருக்கேடி."

"பலகை அடிச்சுத் தர்றோம்ணே" என்றேன். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. "மேசையும் எங்கயும் போயிடல. உங்க சாமிகிட்டதான இருக்கு? வருசா வருசம் வண்டியைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துங்க."

கண்ட்ராக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பின்கதவைத் திறந்து குழியைப் பார்த்தார். மூடினார். "சரி, இதையே எடுத்துக்கிறேன்" என்று முதலாளியிடம் கையை நீட்டினார்.

டவுனுக்குத் திரும்பும்போது முதலாளிதான் ஓட்டினார். ஜாசின் வரை ஜாக்கி மட்டும் பேசிக்கொண்டு வந்தது. பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அடுத்த முறை கோயிலுக்குப் போகிறவர்கள் வந்தால், கிளம்புவதற்கு முன் மேசையைக் கழற்றி ஷோரூமில் வை."

"சரி, பாஸ்" என்றேன்.

அடுத்த முறை என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா தோட்டம் முழுக்கச் சொன்னாள்.