முதல் மிதி

போன மாதம் ஒருவர் என் வீட்டு வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு முழுக்க என்னுடையது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்!

வந்தவர் மணியம் அண்ணன். பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி டிரைவர். ஒரு கீறல் கிடையாது என்பார். எஸ்டேட்டும் ஆமாம் என்று தலையாட்டும். ஓய்வு பெற்ற பிறகும் கோயிலுக்கு எதை ஏற்ற வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோயில் அன்னதானத்தன்று வழக்கமான லோரி வரவில்லை. என் பழைய பிக்கப்பைக் கேட்டார்கள்.

அந்தப் பிக்கப்பில் ப்ரேக்கை ஒரு தடவை மிதித்தால் கால் அடிவரை போய்விடும். சட்டென்று மறுபடி மிதிக்க வேண்டும்... அப்போதுதான் பிடிக்கும். பாரோயில் இருக்கும் மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டியிருந்தார். ஆயில் கசிகிறது, ப்ரேக் ஷூ தேய்ந்துவிட்டது, ஹோஸில் வெடிப்பு. எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அந்த அடுத்த மாதம் என்ன செய்தேன்? நாலு சக்கரத்துக்கும் பளபளவென்று ஸ்போர்ட் ரிம் போட்டேன். ரிம்மை நாலு பேர் பார்ப்பார்கள். ப்ரேக் ஷூவை யார் பார்ப்பார்கள்?

வண்டி பழகிவிட்டால் அதன் கோளாறு கோளாறாகவே தெரிவதில்லை. சாவியைக் கொடுக்கும்போது அதனால்தான் சொல்ல மறந்தேன் — இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சொல்ல வாயெடுத்தேன். கோயில் கமிட்டிக்காரர்கள் ரிம்மைப் பார்த்து ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

கோயில் சரிவில் ஒரு பெண், தன் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் குறுக்கே வந்திருக்கிறார். அண்ணன் மிதித்தார். கால் அடிவரை போனது. ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியை ரோட்டோர லோங்காங்கில் இறக்கிவிட்டார். அன்னதான அண்டாக்கள் அந்தச் சாக்கடையில் உருண்டன. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு நெற்றியில் நாலு தையல்.

அந்தத் தையலோடுதான் என் வாசலுக்கு வந்தார்.

"மன்னிச்சிக்க தம்பி. கால் சரியா மிதிக்கல போல. வயசாயிருச்சிலா."

"பரவால்லண்ணே, மனுசனுக்கு நடக்கிறதுதான்" என்றேன். பத்துப் பேர் கேட்க!

அதற்கப்புறம் கோயில் லோரியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அண்ணனுக்குக் கண் போய்விட்டது என்று சாப்பாட்டுக் கடையில் பேச்சு. அவரும் அதை நம்பிவிட்டார். மோட்டாரைக்கூடத் தொடுவதில்லை. கடைக்கு நடந்தே வருகிறார்.

நான் பிக்கப்பைப் பாரோய்க்கு இழுத்துப் போனேன். புது ஷூ, புது சிலிண்டர், புது ஹோஸ், முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க். மெக்கானிக் திட்டவில்லை. தேய்ந்த ஷூவை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இப்போது முதல் மிதியிலேயே பிடிக்கிறது. பிடிக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

எத்தனை நாள்தான் தாங்கும்? போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கசிவு, ரிம், மூடிக்கொண்ட வாய்... ஒன்று விடாமல். அவர் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லிட்ட, சரி. நீ என்னை மன்னிச்சது ஊருக்கே தெரியும். இத யாரு தம்பி ஊருக்குச் சொல்றது?"

வாரா வாரம் பேப்பரில் ஊர்க்கதையெல்லாம் எழுதுகிறவன் நான். எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, சாப்பாட்டுக் கடையில் இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்: மணியம் அண்ணன் சரியாகத்தான் மிதித்தார்.