காதுக்காரர் சனாவுல்லா

திருப்பூரில் அந்தக் காலத்துப் பனியன் கம்பெனி முதலாளிகள் லேசில் யாரையும் நம்ப மாட்டார்கள். நூல்காரன் சொன்னால் நம்ப மாட்டார்கள், சாயக்காரன் சொன்னால் நம்ப மாட்டார்கள், டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பார்கள். சனாவுல்லா பாய் காரின் பானெட்டில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

காலை நேரத்தில் கார் போடுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தார், ஆனால் பேர் வந்தது காதால்தான். மார்கழிக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில் டொக்டொக் என்று தட்டுகிற வண்டி, எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் நல்ல பிள்ளையாக நிற்கும், சத்தம் வந்தது என்று சொன்ன நாம்தான் பொய்யன். அதனால் வண்டியைத் தன்னிடம் கொண்டுவரவே கூடாது என்பார். "நிறுத்துன எடத்துலயே வைங்க, காலையில ஆறு மணிக்கு நான் வர்றனுங்க. அதுக்கு முன்னால யாராச்சும் சாவி போட்டீங்கன்னா வந்த வழியே திரும்பிருவனுங்க" என்பதுதான் அவருடைய கண்டிஷன்.

சொன்னபடி செய்யவும் செய்வார். ஒரு பெரிய முதலாளி அவசரப்பட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பாய் வந்ததும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். "உங்களுக்கு நல்லா வருதுங்க. ஆனா நான் ரிப்பேர் பாக்க வந்தது காருக்குங்களே" என்று சொல்லிவிட்டு பாய் டிவிஎஸ் பிப்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வாரத்துக்கு நாலு பேரை வேலையை விட்டு நிறுத்துகிற அந்த முதலாளி, மறுநாள் ஆள் அனுப்பிக் கெஞ்சிக் கூப்பிட்டார்.

வந்ததும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால்தான் வேலை நடக்கும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "மூணாவது டேப்பட்டுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால், வால்வைத் தள்ளுகிற அந்த டேப்பட்டுகளில் தளர்ந்திருப்பது மூன்றாவதுதான்.

நான் அப்போது குருசாமி முதலாளியிடம் டிரைவர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், பேர் சீனிச்சாமி. முதலாளி சாமளாபுரத்தில் பதினைந்து வருஷம் தறி ஓட்டியவர். பிறகு திருப்பூர் வந்து நிட்டிங் மெஷின் போட்டு, கம்பெனி ஆக்கி, அம்பாசிடரும் வாங்கிவிட்டார். உழைப்பாளிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரிலேயே தான் ஒருத்தர்தான் யோக்கியர் என்று நினைப்பு. எனக்கு முன்னால் இருந்த டிரைவர் ஒர்க்‌ஷாப்பில் கமிஷன் அடித்தானாம். அந்தப் பாவத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

எண்பத்தெட்டு மார்கழியில் எங்கள் வண்டி காலையில் லேசாகக் கீச்சிட ஆரம்பித்தது. பேன் பெல்ட் என்று எனக்குத் தெரிந்தது. நிட்டிங் போர்மேன் மொக்கைச்சாமியிடம் சொன்னேன். எங்கள் பக்கத்து ஆள், இருபது வருஷம் மெஷினோடு கிடந்தவன்.

"நூலு இறுக்குச்சுன்னா நாங்க மெழுகு வைக்கோம்லா? பெல்ட்டுக்கும் வச்சுப் பாரேன்" என்று, நூல் வழுக்கி ஓடுவதற்காக மெஷினில் வைக்கிற வட்ட மெழுகு ஒன்றைக் கொடுத்தான்.

நானும் பெல்ட்டின் உள்பக்கம் பூராவும் தேய்த்தேன். நூல் வழுக்கினால்தான் வேலை நடக்கும், பெல்ட் வழுக்கினால் வேலை கெடும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. மறுநாள் காலையில் வண்டி போட்ட கூச்சலில் காரடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மூன்று நிமிஷம் கத்தும், பிறகு கப்சிப். பேட்டரியும் சரியாக சார்ஜ் ஏறாமல் முன் விளக்கு மங்கியது.

மெழுகைப் பற்றி வாயைத் திறக்காமல், பெல்ட் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"சத்தமா? நானும் அதே வண்டியிலதான உக்காந்து வர்றேன். எனக்கு ஒண்ணும் கேக்கலியே?"

"கீச்சுனு கத்துது முதலாளி. காதப் பொளக்குது."

அன்று காலையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மொக்கைச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் யோசித்துப் பார்த்து, தனக்கும் எதுவும் கேட்கவில்லை என்று உள்ளதைச் சொன்னான். அவ்வளவுதான்.

"பழைய டிரைவராட்டமே நீயும் கமிஷனுக்கு அடி போடறயா? நாளைக்கு பாய் வர்றாரு. சத்தம் இருக்குதுன்னு அவரு சொன்னா பெல்ட்டு மாத்திக்கலாம். இல்லைன்னாருன்னா, சாவியக் குடுத்துப்போட்டு ஊரு போய்ச் சேரு."

எனக்குப் பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். லைன் வீட்டில் குடியிருந்தோம். ஊரில் போய் நிற்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று நிம்மதியாகத்தான் தூங்கினேன். பாய் காதுக்கு எதுவும் தப்பாது என்று அவ்வளவு நம்பிக்கை.

காலையில் பாய் வந்தார், பானெட்டைத் தொட்டார், தலையாட்டினார். நான் ஸ்டார்ட் பண்ணினேன். வண்டி வீறிட்டது. பாய் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"எஞ்சின் நல்லா இருக்குதுங்க. ரெண்டாவது டேப்பட் மட்டும் கொஞ்சம் லூசு."

"கீச்சுனு கத்துதுங்கறான் பாய், கத்துதுங்களா?" என்றார் முதலாளி.

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

இந்த மனிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைப் பைத்தியக்காரனாக்குகிறார்களா என்று ஆத்திரமாக வந்தது. "சத்தியமாக் கத்துது பாய்! இப்பக்கூடக் கத்துது!" என்றேன். முதலாளி சாவிக்காகக் கையை நீட்டினார்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பால் ஊற்ற வந்த மருதாள், தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆப் பண்ணுங்க சீனி" என்றார் பாய். பண்ணினேன். மருதாள் கையை எடுத்தாள். "போடுங்க." போட்டேன். மறுபடி பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டு, பாய் குல்லாவைக் கழற்றினார். அவர் நினைத்திருந்தால், இப்போதுதான் கேட்கிறது, உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் பேச்சை அந்த ஊரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

"சத்தம் இருக்குதுங்க. இந்த ஆளு பொய் சொல்லலீங்க. எனக்குத்தான் கேக்கல" என்றார். "ஒர்க்‌ஷாப் வைக்கறதுக்கு முந்தி நானும் சாமளாபுரத்துல பதினோரு வருசம் தறி ஓட்டுனவனுங்க. தட்டுறது, உறுமுறது எல்லாம் கேக்கும். கீச்சுனு சன்னமா வர்றது மட்டும் அந்தத் தறிச் சத்தத்துல போயிருச்சுங்க போல. நீங்களும் தறிக்காரருதானுங்களே, உங்களுக்கும் அப்படித்தானுங்க இருக்கும்."

குருசாமி முதலாளி நீட்டின கையை மடக்கிக்கொண்டார்.

"எனக்கா? எனக்கு மொத நாள்லருந்தே நல்லாக் கேட்டுதுங்களே! இவன் நெசத்தச் சொல்றானான்னு சோதிச்சுப் பாத்தனுங்க. அதுக்குத்தான உங்களக் கூப்புட்டது?"

வண்டி அப்போது கத்தி முடித்து அடங்கிவிட்டிருந்தது. முதலாளி அதற்கப்புறமும் காதில் விரலை வைத்து ஆட்டிக்கொண்டு, "அப்பப்பா, என்னா கத்து கத்துது" என்றார்.

பாய் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கம் விரலை ஓட்டினார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "என்னங்க பாய்?" என்று முதலாளி கேட்டார். "பெல்ட்டு பழசுங்க, வேறொண்ணுமில்ல" என்று சொல்லி விரலைத் துடைத்துக்கொண்டார்.

என் வேலை தங்கியது. பாய்க்குத்தான் பிழைப்பு போனது. ஒரே வாரத்தில் ஊர் பூராவும் கதை பரவிவிட்டது. கிளப்பிலும் கல்யாண வீட்டிலும் குருசாமி முதலாளியே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அத்தனை முதலாளிகளும் தறிக்கொட்டகையிலிருந்தும் மெஷின் சந்திலிருந்தும் வந்தவர்கள்தான். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கீச்சல் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் யாரும் அதற்கப்புறம் காலை ஆறு மணிக்கு பாயைக் கூப்பிடவில்லை. ஒர்க்‌ஷாப்பில் டேப்பட் பார்த்து, ஆயில் மாற்றி, அவர் காலத்தை ஓட்டினார்.

காரில் யார் ஏறினாலும் முதலாளி, "சீனி, அந்த பாய் கதயச் சொல்றா" என்பார். நான் சொல்லுவேன். ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்திருக்கலாம், சிரிப்பு வருகிற மாதிரி சொல்லப் பழகிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தொண்ணூற்று மூன்றில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நாலைந்து டிரைவர்கள் சுற்றி நிற்க, கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குப் பின்னால் பேனாவை வைத்து, "சத்தம் ஒண்ணும் இல்லீங்களே" என்று சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால், இரண்டு அடி பின்னால் சனாவுல்லா பாய், பந்திக்குப் போவதற்காக டிவிஎஸ் பிப்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க நல்லா இருக்குதுங்களா சீனி?" என்றார்.

"நல்லா இருக்காக பாய்!" என்று அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கக் கத்தினேன்.

"கத்தாதீங்க" என்றார். "பேச்சு எனக்கு நல்லாவே கேக்குமுங்க."