கல்வட்டத்தில் மண் சுமந்தேன்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. பெரம்பலூரிலிருந்து குரும்பலூர் தாண்டிப் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஊருக்கு மேற்கே கரட்டோரமாக ஒரு பொட்டல். அதில் பெரிய பெரிய பாறைகளை வட்டம் வட்டமாக நட்டு வைத்திருக்கும். யார் நட்டார்கள், எந்தக் காலத்தில் நட்டார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிவிட்டுப் போன இடம் என்பார்கள். அதனால் பாண்டவர் காடு என்றே பெயர்.

எங்கள் ஊரில் பால்குடி மறக்காத குழந்தை இறந்தால் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அந்தக் கல்வட்டங்களுக்குப் பக்கத்தில், துணை இருக்கும் என்று சொல்லிப் புதைப்பார்கள். ஆண்கள்தான் போவார்கள். பெற்றவளுக்கு மட்டும் இடத்தைச் சொல்லவே மாட்டார்கள். என் மூத்த பெண்ணும் பிறந்து ஒரு மாதம்கூட முடியாமல் ஜன்னி கண்டு போய்விட்டாள். என் அரக்குச் சேலையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தேன். எங்கே வைத்தீர்கள் என்று கணவரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வாரம் ஒரு தடவை வருவார். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த கோடையில் மெட்ராஸிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாண்டவர் காட்டில் பழங்காலத்துச் சாமான்களைத் தேடித் தோண்டப் போகிறார்களாம். கூலிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வயலில் வேலை இல்லாத நேரம், ஊரே குஷியாகக் கிளம்பியது. எனக்கோ, என் பிள்ளையைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்ற நினைப்புதான். நானும் மண் சுமக்கப் போனேன். என் பிள்ளை வெளியே வந்தால் எடுத்து அணைக்க நான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நூல் கட்டிச் சதுரம் சதுரமாக வெட்டினார்கள். ஒரு வட்டத்தின் நடுவே, பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஓர் அறை வந்தது. கிழக்குப் பார்த்த கல்லில் தலை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. மறுநாள் காலை வெயில் அந்தத் துளை வழியாக உள்ளே போய் விழுந்தபோது, மண்வெட்டி பிடித்தவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“இது ஒரு சமாதிதாம்மா. சூரியனைக் கும்பிட்டவங்களா இருக்கலாம். உயிர் வந்து போக வழி விட்டாங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்?” என்றார் தலைமை ஆபீஸர். காதோரம் நரைத்த மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். எந்தக் காலத்திலோ செத்தவர்களுக்கு வெயில் வரவழைத்திருக்கிறார்கள், என் பிள்ளையை எந்த மூலையில் போட்டார்களோ என்று எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு வட்டத்துக்கு வெளியே வெட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைப் புதைக்கிற இடம் என்று சொன்னால் கூலி போய்விடும் என்று ஊரில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள், கெட்டி மண்ணுக்கு நடுவே ஓரிடத்தில் மண்வெட்டி பொதுக்கென்று இறங்கியது.

“இங்க மட்டும் பொலபொலன்னு இருக்கு சார். கீழ தாழி இருந்தாலும் இருக்கும்” என்று மேஸ்திரி துள்ளினார். நான் கூடையைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குதித்து, அந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஏ புள்ள, பைத்தியம் புடிச்சிருக்கா? மேல ஏறு!” என்று கத்தினார் மேஸ்திரி.

“வெட்டுறதுன்னா என்னைய வெட்டிட்டு வெட்டுங்க. எம் புள்ள இங்கதான் இருக்கு!”

வேலை அப்படியே நின்றுவிட்டது. ஆபீஸர் இறங்கி வந்தார். என்னை நகர்ந்து உட்காரச் சொல்லி, சின்னக் கரண்டியால் தானே மண்ணை ஒதுக்கினார். ஒரு துணியின் ஓரம் தெரிந்தது. பூப்போட்ட மஞ்சள் துணி.

அது என் சேலை இல்லை.

“உன் குழந்தைதானாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு. இல்லேன்னா போலீசுக்குச் சொல்லணும். அவங்க வெளிய எடுத்துத்தான் பாப்பாங்க.”

மேலே நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து அவர்களுக்குத் துணி தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் காட்டுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் அதில் எத்தனையோ பேர்.

“ஆமாங்க சார், எம் புள்ளதான். மூடிடுங்க” என்றேன்.

அவர் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தார். நூலை அவிழ்க்கச் சொன்னார். வட்டத்துக்கு வெளியே இனி யாரும் மண்வெட்டி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அழுத அழுகை இருக்கிறதே! உள்ளே இருந்த குழந்தைக்காக அழுதேனா, கண்ணில் படாத என் மகளுக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சா நீ அங்கயே போயிக் கெடப்ப. வூடு தங்க மாட்ட. அதான் பெத்தவகிட்டச் சொல்றதில்ல” என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கடைசிவரை அந்த இடத்தைச் சொல்லாமலேதான் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தை நான் திட்டாத நாள் இல்லை. ஆனாலும், என் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்திருந்தால், யாரோ பெற்றதுதானே என்று அன்றைக்குக் கூடையோடு நான் ஒதுங்கி நின்றிருப்பேன்.