கேப்டன் நீட்டாத விரல்

முருங்கைக்காய்க் கட்டோடு வாசலில் நின்றவரைப் பார்த்து, காய் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன். "விக்க வரலீங்க. உங்க மக கூட விமானம் ஓட்டுறவன்" என்றார். என் மகள் துணை விமானி. வந்தவர் அவளுடைய கேப்டன். ஒட்டன்சத்திரம் பக்கம் தன் தோட்டத்துக்கு வந்தவர், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டைத் தேடிப் பிடித்திருந்தார்.

மகள் அப்போது வீட்டில் முடங்கிக் கிடந்தாள். நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருந்தாள். மழை நேரம், இறங்குவதற்கு விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காற்று திரும்பியதால் கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றிவிட்டார்கள். அந்த அவசரத்தில், எந்த உயரம்வரை இறங்கலாம் என்று கருவியில் வைக்கும் எண்ணை ஆயிரம் அடி குறைத்து வைத்துவிட்டாள். கீழே இன்னொரு விமானம் போய்க்கொண்டிருந்தது. உயரத்தைப் பாருங்கள் என்று தரையிலிருந்து ஒரு பெண்குரல் எச்சரிக்க, மேலேறிச் சுற்றிவந்து பத்திரமாக இறங்கினார்கள். அந்தப் பெண் யாரென்று தெரியாது. பூசையில் இன்றும் அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன். தப்பை அவளும் கேப்டனுமே மேலிடத்தில் சொன்னார்கள். மறுபயிற்சிக்கு அழைப்பு வந்தது. இனி ஓட்டவே மாட்டேன் என்றாள் மகள். எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

குறை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே காபி கொடுத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "அவ உயரத்த வச்சதும் நான் அந்த எண்ண விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லோணும். அதுதாங்க முறை. அன்னைக்கு ரேடியோல பேசிட்டே இருந்துட்டேன், விரல நீட்டல. பாதித் தப்பு என்னுதுங்க." பெரிய பொறுப்பில் இருப்பவர் ஒருவர், படியேறி வந்து தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. மகளிடமும் அவளுடைய பங்கை அவர் குறைத்துச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு மனம் அடங்கவில்லை. "உங்க மகளா இருந்தா திரும்ப அனுப்புவீங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "எம்மகளுக்கு அடுத்த மாசம் வெளியூர்ல காலேஜ் திறக்குதுங்க. இவ ஓட்டுற விமானத்துல ஏத்தி விடுறேன்."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அதுக்கு மொதல்ல நான் பயிற்சிய முடிக்கணுமே, சார்."

பல நாள் கழித்து அன்றுதான் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த மனிதருக்கு நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தோன்றாமல், ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் மதுரையிலிருந்து சென்னைக்கு அவள் ஓட்டிய விமானத்தில் நானும் ஏறினேன். இறங்கும் நேரத்தில் முன்சீட்டை இறுகப் பிடித்திருந்தேன். முதல் தடவையா என்று கேட்டார் பக்கத்தில் இருந்த பெண். என் மகள்தான் ஓட்டுகிறாள் என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க பயம்?"

சொல்ல நிறைய இருந்தது. அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.