மழைக்கு முந்திய சிரட்டைகள்

1998 மே 14, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல், திருநீறு, சீனி குறைத்த தேநீர். பிறகு வாசற்பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தேன். யட்டியாந்தோட்டையில் அக்கா கட்டிய புது வீட்டில் மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். அதற்காகத்தான் பயணம். இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்குப் பதினான்கு ரூபாய். அங்கிருந்து யட்டியாந்தோட்டைக்கு ஒன்பது.

பத்து மணியளவில், ஊருக்கு இரண்டு மைல் இருக்கையில், பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. பாதையின் இருபுறமும் றப்பர் மரங்கள். ஒரு பெண் மரத்துக்கு மரம் ஓடி, சிரட்டைகளில் வடிந்திருந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மலைக்குப் பின்னால் வானம் கறுத்து வந்தது.

"அக்கே, வெஸ்ஸ எனவா!" என்று கண்டக்டர் மேகத்தைக் காட்டி, மழை வருவதைச் சிங்களத்தில் கத்திச் சொன்னான்.

"தெரியுது மல்லி! எனக்குக் கை ரெண்டுதானே!" என்றாள். சிங்களத்தில் அவனைத் தம்பி என்று அழைத்தாளே தவிர, ஓட்டம் நிற்கவில்லை. "இது கௌரியோட மரம். பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டா. கங்காணிகிட்ட சொல்லிட்டு ரெண்டு பேரு மரத்துலயும் நானே பால் வெட்டுனேன். மழை விழுந்தா பால் கெட்டுரும். அவளுக்கு அரைப்பேருதான் போடுவாங்க."

அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம்.

என் பக்கத்தில் இருந்த மாவனல்லைத் துணி வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கண்டக்டர் பின்னால் ஓடினான். நானும் இறங்கினேன்.

"சார், வெள்ளச் சட்டையோட வராதீங்க! பால் பட்டா போகாது!" என்றாள் அவள்.

"பயப்படாதீங்க மாஸ்டர்," என்றார் வியாபாரி. "சட்ட போனா என்ட கடையில வேற ஒண்டு ஈக்கி."

நான் மாஸ்டர் அல்ல, கிளார்க். திருத்த நேரமில்லை. ஒவ்வொரு சிரட்டையையும் விரலால் சுத்தமாக வழித்து, மழைநீர் தேங்காதபடி கவிழ்த்து வைத்தேன். நான் இரண்டு முடிப்பதற்குள் வியாபாரி ஆறு முடித்திருந்தார்.

"சார், கழுவி அடுக்கவா போறீங்க? ஊத்திட்டு அடுத்த மரத்துக்கு ஓடுங்க!"

கடைசி வாளியைச் சாக்கால் மூடியபோது மழை கொட்டியது. மேலே இன்னொரு சரிவில் சிரட்டைகள் பாலோடு நிமிர்ந்தபடியே நின்றன.

"அது யாருடைய மரம்?" என்று கேட்டேன்.

"என்னுதுங்க. பாதிதான் எடுத்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நம்பிப் போனவளோடத மொதல்ல பாக்கணுமில்ல? நாளைக்கு வானம் வெளுத்தா நான் சமாளிச்சிக்கிருவேன். போங்க, பஸ் கெளம்புது."

பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. கௌரியின் பெயர் மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் மழை வந்தால், கொடியில் துணி நனைவதைப் பக்கத்து வீட்டாருக்குக் கூவிச் சொல்வேன். போய் எடுத்துக் கொடுத்ததில்லை.

வீட்டில் அக்கா என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த றப்பர் பாலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "இதோடயாடா நாளைக்கு சாமி கும்பிடப் போற?"

"இதோடதான்," என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அடுப்பில் பால் வைக்கும் முன்பே எழுந்துவிட்டேன். முதல் வேலையாகப் புது ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். நன்றாக வெளுத்திருந்தது.